பேக்எண்ட் வருவதற்கு முன்பே ஃப்ரண்ட்எண்ட்: மாக் டேட்டாவை எங்கே, எப்படி வைப்பது?

தறிநாடா | திங்கள், காலை 10.05

வணக்கம் நண்பர்களே. கைத்தறிப் புடவை விற்கும் ஒரு கடைக்கு இணையதளம் செய்துகொண்டிருக்கிறோம். ரியாக்ட், டைப்ஸ்கிரிப்டில் எழுதுகிறோம், தளத்தை ஓட்டிப் பார்க்கவும் கட்டவும் வீட் என்ற கருவி. வடிவமைப்பு முடிந்து கைக்கு வந்துவிட்டது. பேக்எண்ட், அதாவது சர்வரில் ஓடும் பகுதி, எழுதுவது வேறொரு குழு. அவர்களுடைய ஏபிஐ (தளம் டேட்டாவைக் கேட்டு வாங்கும் வழி) அடுத்த மாதக் கடைசியில்தான் கிடைக்கும். அதுவரை காத்திருந்தால் தீபாவளி விற்பனைக்குத் தளம் தயாராகாது.

இப்போதைக்கு மாக் டேட்டாவாக, அதாவது ஏபிஐ வரும்வரை வைக்கும் போலித் தரவாக, புடவைப் பட்டியலை ஒரு ஜேசன் கோப்பில் (தரவை எழுதி வைக்கும் உரைக்கோப்பு) எழுதி, கம்போனெண்டுக்குள் (திரையின் ஒரு பகுதியை வரையும் நிரல்துண்டு) நேராக இம்போர்ட் செய்திருக்கிறேன். திரை நன்றாகத் தெரிகிறது, கடைக்காரருக்கும் பிடித்துவிட்டது. ஆனால் தேடல், கூடை, ஆர்டர் நிலவரம் என்று போகப்போக இது தாங்காது என்று தோன்றுகிறது. ஏபிஐ வந்த அன்று எல்லாவற்றையும் பிரித்து மறுபடி கட்ட வேண்டிய நிலை வரக்கூடாது. போலிப் பதில் தரும் கருவிகளில் ஜேசன் சர்வர், எம்எஸ்டபிள்யூ, மிராஜ், பிரிசம் என்று பெயர்கள் மட்டும் தெரியும். எதிலிருந்து தொடங்குவது?


எளியவழி | திங்கள், காலை 10.40

ஜேசன் சர்வர் எடுங்கள், அரை மணி நேரத்தில் ஓடிவிடும். புடவைகள், ஆர்டர்கள் என்று ஒரே ஜேசன் கோப்பில் பட்டியல்களை எழுதி, அதைச் சுட்டி ஒரு கட்டளை கொடுத்தால் 3000 போர்ட்டில் முழு ரெஸ்ட் ஏபிஐ எழுந்துவிடும். கெட் (எடுப்பது) மட்டுமில்லை, போஸ்ட், புட், பேட்ச், டெலீட் (சேர்ப்பது, மாற்றுவது, அழிப்பது) எல்லாம் உண்டு. போஸ்ட் செய்ததை அந்தக் கோப்பிலேயே எழுதி வைத்துக்கொள்ளும் என்பதால் பக்கத்தை ரீலோட் செய்தாலும் கூடை காலியாகாது. வீட் கருவியின் ப்ராக்ஸி அமைப்பில் (ரிக்வெஸ்டை வேறு சர்வருக்குத் திருப்பும் வசதி) ஏபிஐ என்று தொடங்கும் பாதையை அங்கே திருப்பிவிடுங்கள்.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். 0.17 பதிப்புக்கும் 1.0 பீட்டாவுக்கும் பக்கம் பிரிக்கும் முறை வேறு. பழையதில் மொத்த எண்ணிக்கை ஹெடரில் (பதிலோடு வரும் கூடுதல் விவரம்) வரும், பட்டியல் வெறும் அரேயாக வரும். புதியதில் அடுத்த பக்கம், கடைசிப் பக்கம், மொத்தம் எல்லாம் சேர்ந்த ஆப்ஜெக்டுக்குள் பட்டியல் இருக்கும். இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் பாதி பழைய பதிப்புக்கு எழுதியவை.


வலைப்பின்னல் | திங்கள், காலை 11.30

கருவியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் இன்னொரு கேள்விக்குப் பதில் வேண்டும்: உண்மைக்கும் பொய்க்கும் நடுவில் கோட்டை எங்கே போடப் போகிறீர்கள்? நீங்கள் இப்போது கம்போனெண்டுக்குள்ளேயே போட்டிருக்கிறீர்கள். அதனால் ஃபெட்ச் (சர்வரிடம் கேட்பது) இல்லை, காத்திருக்கும் நிலை இல்லை, பிழை நிலை இல்லை. ஏபிஐ வந்த பிறகு எழுதப்போவதுதான் உண்மையான நிரல்.

அந்தக் கோட்டை எவ்வளவு தூரம் வெளியே தள்ள முடியுமோ அவ்வளவு நல்லது. கம்போனெண்ட், அதைத் தாண்டி டேட்டா எடுக்கும் ஃபங்ஷன், அதையும் தாண்டி பிரவுசரின் நெட்வொர்க் வாசல். எம்எஸ்டபிள்யூ (மாக் சர்வீஸ் வொர்க்கர்) நிற்பது அந்த வாசலில். அது ஒரு சர்வீஸ் வொர்க்கரை, அதாவது பிரவுசரில் பக்கத்துக்கும் நெட்வொர்க்குக்கும் நடுவில் ஓடும் நிரலை, வைத்து வேலை செய்கிறது. உங்கள் நிரல் உண்மையாகவே ஃபெட்ச் செய்கிறது, ரிக்வெஸ்ட் பிரவுசரை விட்டு வெளியேறும் முன் வொர்க்கர் அதைப் பிடித்து, நீங்கள் எழுதிய ஹேண்ட்லரின் (எந்த ரிக்வெஸ்டுக்கு என்ன பதில் என்று சொல்லும் ஃபங்ஷன்) பதிலைக் கொடுக்கிறது. டெவ்டூல்ஸ் நெட்வொர்க் பகுதியில் ஸ்டேட்டஸ் கோடு, ஹெடர் எல்லாம் நிஜம் போலவே தெரியும். தயாரிப்புச் சூழலில் (வாடிக்கையாளர் பார்க்கும் தளத்தில்) ஓடப்போகும் அதே வரிகள்தான் இன்றைக்கே ஓடுகின்றன என்பதுதான் இதில் எனக்குப் பெரிதாகப் படுவது. அதே ஹேண்ட்லர்களை நோடில் (பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் கருவி) ஓடும் டெஸ்டுகளுக்கும் பயன்படுத்தலாம்.

தொடங்கும்போது இடறும் இடங்களைச் சொல்லிவிடுகிறேன். 2023 அக்டோபரில் வந்த 2.0 பதிப்பில் எழுதும் முறையே மாறிவிட்டது. ரெஸ்ட் என்று தொடங்கும் ஹேண்ட்லர்களும் மூன்றாவது அளவுருவாகச் சிடிஎக்ஸ் என்ற ஒன்றை வாங்கும் உதாரணங்களும் கண்ணில் பட்டால் அது பழைய பாடம். அப்புறம், வொர்க்கர் எழுவது உடனே நடப்பதில்லை. அது தயாரான பிறகே ரியாக்ட் ரெண்டர் ஆகும்படி எழுதுங்கள். இல்லாவிட்டால் முதல் பக்கத்தின் ரிக்வெஸ்டுகள் மட்டும் தப்பித்துப் போய்ப் பிழையில் முடியும், காரணம் புரியாமல் தேடிக்கொண்டிருப்பீர்கள். ஹேண்ட்லர் இல்லாத ரிக்வெஸ்டுக்குப் பிழை காட்டும்படி அமையுங்கள், எந்த எண்ட்பாயிண்ட் (ஏபிஐயின் ஒரு முகவரி) விட்டுப்போனது என்று அதுவே சொல்லிவிடும். மாக் நிரலை டெவலப்மெண்ட் சூழலில் மட்டும் டைனமிக் இம்போர்ட் (தேவைப்படும்போது மட்டும் ஏற்றுவது) செய்யுங்கள், தயாரிப்பு பில்டில் அது கலக்கவே கூடாது.

இன்னொன்று பலரையும் குழப்புவது. சர்வீஸ் வொர்க்கர் எச்டிடிபிஎஸ்ஸிலோ லோக்கல்ஹோஸ்டிலோதான் ஓடும். வீட்டு வைஃபையில் கணினியின் ஐபி முகவரியை ஃபோனில் அடித்துப் பார்த்தால் மாக் வேலை செய்யாது. புடவைக்கடைத் தளத்தைப் பெரும்பாலும் ஃபோனில்தான் பார்க்கப் போகிறார்கள், ஆகவே டெவ் சர்வருக்கு எச்டிடிபிஎஸ் முதலிலேயே போட்டுவிடுங்கள்.


ஒப்பந்தம் | திங்கள், மதியம் 1.15

நான் பேக்எண்ட் எழுதுகிறவன். அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

மேலே சொன்ன இரண்டு கருவிகளிலும் ஒரே ஓட்டை. புடவையின் விலைக்கு என்ன பெயர், என்ன வகை என்று நீங்கள் தனியாக உட்கார்ந்து முடிவு செய்கிறீர்கள், அங்கே அந்தக் குழு தனியாக முடிவு செய்கிறது. அடுத்த மாதம் இரண்டும் சந்திக்கும்போது ஒரு இடத்திலும் பொருந்தாது. மாக் டேட்டா யாருடைய கற்பனையிலிருந்தும் வரக்கூடாது, இரண்டு குழுவும் ஒப்புக்கொண்ட ஒரு கோப்பிலிருந்து வர வேண்டும்.

அந்தக் கோப்பை எழுத ஓப்பன்ஏபிஐ என்ற பொது வடிவம் இருக்கிறது. முன்பு ஸ்வாகர் என்ற பெயரில் இருந்த விவரக்குறிப்பு 2015இல் லினக்ஸ் ஃபவுண்டேஷனுக்குக் கீழ் போய், 2016இல் ஓப்பன்ஏபிஐ என்று பெயர் மாறியது, 2017இல் 3.0, 2021இல் 3.1 வந்தது. இதில் ஒரு யாமல் கோப்பு (ஜேசன் போன்ற இன்னொரு உரைக்கோப்பு) எழுதிவிட்டால் அதிலிருந்தே டைப்ஸ்கிரிப்ட் வகைகளை உருவாக்கிக்கொள்ளலாம். பிரிசம் அதே கோப்பைப் படித்து 4010 போர்ட்டில் மாக் சர்வராக நிற்கும். எம்எஸ்டபிள்யூ ஹேண்ட்லர்களும் அந்த வகைகளையே திருப்பித் தரும்படி எழுதினால், நாங்கள் ஒரு ஃபீல்டின் பெயரை மாற்றியதும் உங்கள் வகைச் சோதனை சிவப்பாகிவிடும். அன்றைக்கே பேசித் தீர்த்துவிடலாம்.

கோப்பு எழுத உட்காரும்போதுதான் உண்மையான சண்டைகள் வெளியே வரும், அவை இப்போதே வருவதுதான் நல்லது. விலை 4999.50 என்ற தசமமா, 499950 பைசா என்ற முழு எண்ணா? ரேசர்பே போன்ற பணப் பரிமாற்றச் சேவைகள் தொகையைப் பைசாவில்தான் கேட்கின்றன, ஆகவே முழு எண்ணே மேல். தள்ளுபடி இல்லாத புடவைக்கு அந்த ஃபீல்டு நல் (மதிப்பு இல்லை என்ற குறி) ஆக வருமா, வராமலே இருக்குமா? பிழை வந்தால் அதன் வடிவம் என்ன? ஆர்டர் எண் ஸ்ட்ரிங்கா (எழுத்துத் தொடர்), நம்பரா? கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும். ஆனால் எங்கள் பக்கம் 64 பிட் எண் இருந்தால், ஜாவாஸ்கிரிப்டில் 9007199254740991 வரைதான் முழு எண்கள் பத்திரம். அதைத் தாண்டி 9007199254740993 என்று அனுப்பினால் உங்களிடம் 9007199254740992 ஆக வந்து நிற்கும், வாடிக்கையாளர் வேறொருவருடைய ஆர்டரைத் திறப்பார். மாக் டேட்டாவில் 1, 2, 3 என்று எண் கொடுத்து வைத்திருந்தால் இது கண்ணில் படவே படாது.


தறிநாடா | திங்கள், மாலை 4.20

ஒப்பந்தம் அண்ணா, பேக்எண்ட் குழுவிடம் பேசிப் பார்த்தேன். "யாமல் எழுத எங்களுக்கு நேரமில்லை, நிரல் முடிந்ததும் ஆவணம் தானாக வந்துவிடும்" என்கிறார்கள். அவர்கள் எழுதுவது பைத்தான் மொழியில், ஃபாஸ்ட்ஏபிஐ கொண்டு.


ஒப்பந்தம் | திங்கள், மாலை 5.00

ஃபாஸ்ட்ஏபிஐ என்றால் உங்களுக்கு நல்லதுதான். அதில் ரிக்வெஸ்ட், ரெஸ்பான்ஸ் மாடல்களை எழுதியதுமே ஓப்பன்ஏபிஐ கோப்பு தானாக உருவாகும், உள்ளே லாஜிக் ஒரு வரிகூட இருக்க வேண்டியதில்லை. மாடல்களையும் காலி எண்ட்பாயிண்டுகளையும் மட்டும் முதலில் தரச் சொல்லுங்கள். அவர்கள் எப்படியும் எழுதத்தான் போகிறார்கள், வரிசையை மாற்றிக் கேட்கிறீர்கள், அவ்வளவுதான். அதற்கும் தயங்கினால் நீங்களே திரைக்கு என்ன வேண்டும் என்று பார்த்து யாமல் எழுதி அனுப்புங்கள். வெற்றுத்தாளை நிரப்பத்தான் தயங்குவார்கள், நீங்கள் எழுதி அனுப்பியதைத் திருத்த யாரும் தயங்க மாட்டார்கள்.


எளியவழி | திங்கள், மாலை 6.10

எனக்கு இதில் உடன்பாடில்லை. நாலு திரைக்கு ஓப்பன்ஏபிஐ, வகை உருவாக்கம், பிரிசம், எம்எஸ்டபிள்யூ என்று இத்தனை அடுக்கா? சிறு குழுக்களில் மாக் அமைப்பே ஒரு தனி ப்ராஜெக்டாக வளர்ந்து, அதைப் பராமரிக்க ஆள் தேவைப்படும் நிலைக்குப் போவதைப் பார்க்கிறேன். பொய் சர்வருக்குள் தள்ளுபடிக் கணக்கு, ஜிஎஸ்டி, டெலிவரிக் கட்டணம் எல்லாம் எழுதுகிறார்கள். பேக்எண்ட் வந்ததும் அத்தனையும் குப்பைக்குப் போகிறது.


வலைப்பின்னல் | திங்கள், இரவு 8.45

எளியவழி, கடைசியில் சொன்னதை முழுதாக ஒப்புக்கொள்கிறேன். மாக்குக்குள் வணிக விதிகளை எழுதவே கூடாது. கூடையின் மொத்தத் தொகையை மாக் கணக்கிட வேண்டாம், இந்தக் கூடைக்கு இந்தத் தொகை என்று எழுதி வைத்த பதிலைக் கொடுத்தால் போதும். ஒரு ஹேண்ட்லர் திரையில் அடங்காமல் நீண்டால் பேக்எண்டை எழுதத் தொடங்கிவிட்டோம் என்று அர்த்தம்.

வெறும் அறிமுகப் பக்கம், ஏழெட்டு வரி டேட்டா என்றால் ஜேசன் இம்போர்ட்டே போதும் என்பதும் சரி. ஆனால் இங்கே கூடை இருக்கிறது, பணம் இருக்கிறது, ஆர்டர் இருக்கிறது. இவற்றில் எல்லாம் சரியாக நடக்கும் பாதை மட்டுமே போதாது. ஜேசன் சர்வரிடம் "இப்போது 409 என்ற மோதல் பிழையைக் கொடு" என்று கேட்பது சுலபமில்லை. பணம் கட்டப் போகும் நேரத்தில் கடைசிப் புடவையை வேறொருவர் வாங்கிவிட்டால் திரை என்ன சொல்லும்? கைத்தறியில் ஒரு வடிவத்துக்கு ஒரே புடவை என்பது சாதாரணம், இது தினமும் நடக்கப்போகிற காட்சி. அடுக்குகளைக் குறைக்க வேண்டுமென்றால் பிரிசத்தை விட்டுவிடலாம். வகைகளும் எம்எஸ்டபிள்யூவும் இருக்கட்டும்.


சோதனைச்சாவடி | செவ்வாய், காலை 9.30

டெஸ்டிங்கில் இருக்கிறேன். மாக் எங்கே நிற்கிறது என்று எல்லோரும் பேசியாகிவிட்டது, அதற்குள் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. ஃப்ரண்ட்எண்ட் எழுதுகிறவர்கள் கொடுக்கும் மாக் டேட்டா எப்போதும் சுத்தமாகவே இருக்கிறது. எல்லாப் படமும் ஒரே அளவு, எல்லாப் பெயரும் இரண்டு சொல், முதல் பெயர், கடைசிப் பெயர். நம் ஊரில் பாதிப் பேருக்குக் கடைசிப் பெயரே கிடையாது. ஒற்றை எழுத்து இனிஷியல், அதுவும் பெயருக்கு முன்னால். கடைசிப் பெயர் கட்டாயம் என்று படிவம் வைத்தால் மக்கள் அதில் ஒரு புள்ளியை வைத்துவிட்டு நகர்வார்கள், டெலிவரிச் சீட்டில் அந்தப் புள்ளி அச்சாகும். மாக் டேட்டாவில் "மு. செல்வி" என்று ஒருவர் இருந்திருந்தால் வடிவமைக்கும்போதே இது தெரிந்திருக்கும்.

புடவைத் தலைப்புகள் தமிழில் வருமா? வரும் என்றால் அவற்றையும் தமிழிலேயே போடுங்கள். ஆங்கிலத்தில் இரண்டு வரியில் அடங்கும் தலைப்பு தமிழில் மூன்று வரி பிடிக்கும். வரி உயரத்தை இறுக்கி, மீறுவதை மறைக்கும்படி அமைத்திருந்தால் மேலே கி, கீ கொக்கிகளும் கீழே கு, கூ வால்களும் வெட்டுப்படும். எழுத்து எண்ணிக்கை வைத்துத் தலைப்பைச் சுருக்கினால் இன்னும் மோசம். ஜாவாஸ்கிரிப்டின் கணக்கில் "ஸ்ரீ" என்பதன் நீளம் 4. நடுவில் வெட்டினால் புள்ளியோ காலோ விட்டுப்போய் வேறு எழுத்தாக நிற்கும். ஜாவாஸ்கிரிப்டிலேயே உள்ள இன்டிஎல் செக்மெண்டர் கொண்டு வெட்டினால் குறிகள் எழுத்தை விட்டுப் பிரியாது.

தேடலுக்கு ஒரு கெட்ட டேட்டா தருகிறேன், கட்டாயம் சேருங்கள். "கொ" என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒ குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. "கொற்கை" என்று ஒருவிதமாகச் சேமித்து மற்ற விதமாகத் தேடினால் கிடைக்காது. இரண்டு பக்கத்தையும் என்எஃப்சி என்ற சீரான யூனிகோடு வடிவுக்கு மாற்றி ஒப்பிட்டால் தீரும். "கௌ" எழுதும்போது சிலர் கடைசிக் குறிக்குப் பதில் ள என்ற எழுத்தையே அடிப்பார்கள், அதை என்எஃப்சியும் சரி செய்யாது.

மற்றபடி: காலிப் பட்டியல், ஒரே ஒரு புடவை, படம் இல்லாத புடவை, இருப்பு 0, 1,25,000 ரூபாய்ப் பட்டு (லட்சக் காற்புள்ளி சரியாக விழுகிறதா பாருங்கள்), பத்து வரி முகவரி.

நிறைய டேட்டா வேண்டும் என்றால் போலித் தரவை உருவாக்கும் ஃபேக்கர் தொகுப்பைப் பயன்படுத்தலாம், சீடு எண் (தொடக்க எண்) கொடுத்தால் ஒவ்வொரு முறையும் அதே டேட்டா வரும். சீடு இல்லாமல் ஓட்டினால் நேற்று உடைந்த திரையை இன்று மறுபடி பார்க்க முடியாது. நிறுவும்போது பெயரைச் சரிபாருங்கள். பழைய ஃபேக்கர் தொகுப்பை 2022 ஜனவரியில் அதன் ஆசிரியரே காலி செய்து 6.6.6 என்று வெளியிட்டுவிட்டார், அதற்குப் பிறகு பலர் சேர்ந்து ஃபேக்கர்-ஜேஎஸ் என்ற அமைப்பின் கீழ் தொடர்ந்து நடத்துவதுதான் இப்போது எடுக்க வேண்டியது.

ஒரு வேண்டுகோள். கடையின் உண்மையான வாடிக்கையாளர் பட்டியலை எடுத்து மாக்காகப் போட்டுவிடாதீர்கள். அவை மனிதர்களுடைய பெயரும் முகவரியும். அது கிட்டில் (நிரலின் மாற்றங்களைச் சேமித்து வைக்கும் கருவி) ஒருமுறை ஏறினால் வரலாற்றிலிருந்து நீக்குவது பெரும்பாடு. மின்னஞ்சலுக்கு எக்ஸாம்பிள் டாட் காம் முகவரியே போடுங்கள். இப்படிப்பட்ட தேவைக்காகவே 1999இல் ஆர்எஃப்சி 2606 என்ற இணைய விதி ஆவணம் மூலம் ஒதுக்கி வைத்த டொமைன் அது. மனம்போனபடி அடித்த பத்து இலக்க ஃபோன் எண் யாரோ ஒருவருடையதாக இருக்கும், எஸ்எம்எஸ் சேவை இணைந்த நாளில் அவருக்குச் செய்தி போகும்.


மின்னல் | செவ்வாய், மதியம் 12.10

அக்கா, "கொற்கை" சோதனையை இப்போதே எங்கள் தளத்தில் ஓட்டிப் பார்த்தேன், தேடலில் வரவில்லை. நன்றி.

வலைப்பின்னல் அண்ணாவிடம் ஒரு சந்தேகம். மாக் பதில் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்துவிடுகிறது. லோடிங் நிலையைச் சரிபார்ப்பது எப்படி?


வலைப்பின்னல் | செவ்வாய், மதியம் 12.50

எம்எஸ்டபிள்யூவில் டிலே என்றே ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. ஒன்றும் கொடுக்காமல் அழைத்தால் பிரவுசரில் 100 முதல் 400 மில்லி விநாடி வரை ஏதோ ஒரு தாமதம் தரும். எல்லா ஹேண்ட்லரிலும் முதல் வரியாக அது இருக்கட்டும். "இன்ஃபினிட்" என்று கொடுத்தால் பதில் வரவே வராது, லோடிங் திரையை நிதானமாகப் பார்த்து வடிவமைக்கலாம்.

இதைவிட முக்கியமானது பதில்கள் வரிசை மாறி வருவது. ஒருவர் தேடலில் "பட்டு" என்று அடித்து, தொடர்ந்து "பட்டுப்பாவாடை" என்று முடிக்கிறார். இரண்டு ரிக்வெஸ்ட் போகிறது. முதலாவதன் பதில் தாமதமாகி இரண்டாவதற்குப் பின்னால் வந்தால், பெட்டியில் "பட்டுப்பாவாடை" என்றிருக்க, கீழே எல்லாப் பட்டும் தெரியும். உண்மையான சர்வரில் இது எப்போதாவதுதான் நடக்கும், அதனால் பிடிப்பது கஷ்டம். மாக்கில் வேண்டுமென்றே நடக்க வைக்கலாம்: தேடும் சொல் எவ்வளவு சிறியதோ அவ்வளவு அதிகத் தாமதம் என்று ஹேண்ட்லரில் எழுதுங்கள். பிழை ஒவ்வொரு முறையும் வரும். பிறகு அபார்ட்கண்ட்ரோலர் கொண்டு பழைய ரிக்வெஸ்டை ரத்து செய்து, சரியாகிறதா என்று பாருங்கள். இந்த ஒரு விஷயத்தில் உண்மையான பேக்எண்டை விட மாக் உங்களுக்கு அதிகம் உதவும்.

பிழைகளுக்கும் அப்படியே. 401 (லாகின் இல்லை), 409, 422 (தவறான தரவு), 429 (அளவுக்கு மீறிய ரிக்வெஸ்டுகள்), 500 (சர்வர் பிழை), அதோடு நெட்வொர்க்கே இல்லாத நிலை. முகவரிப் பட்டையில் ஒரு அளவுருவைச் சேர்த்தால் அந்தக் காட்சி வரும்படி ஹேண்ட்லர்களை எழுதி வைத்தால், கடைக்காரரிடமும் "இருப்புத் தீர்ந்தால் இப்படித் தெரியும்" என்று காட்டி ஒப்புதல் வாங்கலாம்.


ஒப்பந்தம் | செவ்வாய், மாலை 3.30

மாக்கில் ஒருபோதும் தெரியாதவற்றையும் சொல்ல வேண்டும்.

முதலாவது கோர்ஸ், வேறு டொமைனிடம் கேட்பதற்குப் பிரவுசர் வைக்கும் விதி. தளம் ஒரு டொமைனிலும் ஏபிஐ இன்னொன்றிலும் இருந்தால், ஆத்தரைசேஷன் ஹெடர் உள்ள ரிக்வெஸ்டுக்கு முன் பிரவுசர் ஒரு ஆப்ஷன்ஸ் ரிக்வெஸ்ட் அனுப்பி அனுமதி கேட்கும். மாக்கில் அது இல்லை. வீட் ப்ராக்ஸி வழியாகப் போனாலும் பிரவுசருக்கு எல்லாம் ஒரே இடமாகத் தெரிவதால் அங்கேயும் இல்லை. ஸ்டேஜிங்கில் (வெளியீட்டுக்கு முந்தைய சோதனைத் தளம்) ஏற்றிய அன்றைக்குத்தான் முளைக்கும். குக்கியில் லாகின் வைத்தால் சேம்சைட் விதியும் (வேறு தளத்துக்குக் குக்கி போகலாமா என்பது) இதே கதை.

இரண்டாவது தேதி. டெலிவரித் தேதியை 2025-03-01 என்று வெறும் தேதியாக அனுப்பினால் ஜாவாஸ்கிரிப்ட் அதை யுடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும். சென்னையில் மார்ச் 1 என்றே தெரியும். நியூஜெர்சியில் இருந்து அம்மாவுக்குப் புடவை வாங்கி அனுப்பும் மகளுக்கு பிப்ரவரி 28 என்று தெரியும். இதைக் கணினியின் நேர மண்டலத்தை மாற்றிப் பார்த்தால் மட்டுமே பிடிக்க முடியும், பிளேரைட் என்ற டெஸ்ட் கருவியில் டெஸ்டுக்கு நேர மண்டலம் கொடுக்கும் வசதி இருக்கிறது.

மூன்றாவது, மாக் மெல்ல மெல்ல நிஜத்திலிருந்து விலகுவது. நாங்கள் ஒரு ஃபீல்டை மாற்றி ஓப்பன்ஏபிஐ கோப்பைப் புதுப்பிக்க மறந்தால் உங்கள் டெஸ்டுகள் எல்லாம் பச்சையாகவே இருக்கும், தளம் மட்டும் உடையும். ஆகவே எல்லா எண்ட்பாயிண்டும் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். புடவைப் பட்டியல் ஒன்றை மட்டுமாவது முதல் வாரத்திலேயே ஸ்டேஜிங்கில் ஏற்றச் சொல்லி, உங்கள் தளத்தை அதோடு இணைத்துப் பாருங்கள். பிரிசத்தை மாக்காகப் பயன்படுத்தாவிட்டாலும், ப்ராக்ஸியாக நடுவில் நிறுத்தினால் உண்மைப் பதில் கோப்போடு ஒத்துப்போகிறதா என்று சொல்லும். குழுக்கள் பெரிதாக இருந்தால் பேக்ட் போன்ற ஒப்பந்த டெஸ்டுகள் உண்டு, உங்கள் அளவுக்கு அது தேவைப்படாது.


தறிநாடா | புதன், காலை 11.00

எல்லோருக்கும் நன்றி. பேக்எண்ட் குழுவோடு உட்கார்ந்து பேசியாகிவிட்டது. மாடல்களை முதலில் தர ஒப்புக்கொண்டார்கள், பட்டியல் எண்ட்பாயிண்டை வெள்ளிக்கிழமை ஸ்டேஜிங்கில் ஏற்றுகிறார்கள். விலை பைசாவில், ஆர்டர் எண் ஸ்ட்ரிங்காக என்றும் முடிவாயிற்று. கடைசிப் பெயரைப் படிவத்திலிருந்தே எடுத்துவிட்டோம்.

எம்எஸ்டபிள்யூ என்று தீர்மானித்திருக்கிறேன். ஒரே ஒரு கேள்வி பாக்கி. பட்டியல் மட்டும் உண்மை, கூடையும் ஆர்டரும் இன்னும் மாக் என்ற நிலையில் சில வாரங்கள் இருக்கப் போகிறோம். அதைக் குழப்பமில்லாமல் எப்படி நடத்துவது?


வலைப்பின்னல் | புதன், காலை 11.25

ஹேண்ட்லர்களைக் கோப்பு கோப்பாகப் பிரித்து வையுங்கள்: பட்டியல், தேடல், கூடை, ஆர்டர். பிரவுசரில் ஓடும் வொர்க்கருக்குக் கொடுக்கும் வரிசையிலிருந்து பட்டியல் ஹேண்ட்லரை மட்டும் எடுத்துவிடுங்கள். ஹேண்ட்லர் இல்லாத ரிக்வெஸ்டுக்குப் பிழை என்று வைத்திருந்ததை இப்போது பைபாஸ் என்று மாற்ற வேண்டும். அந்த ரிக்வெஸ்ட் வொர்க்கரைத் தாண்டி வீட் ப்ராக்ஸிக்குப் போய், அங்கிருந்து ஸ்டேஜிங்குக்குப் போகும். கம்போனெண்டில் ஒரு வரியும் மாறாது. அடுத்த எண்ட்பாயிண்ட் வந்ததும் அடுத்த ஹேண்ட்லரை எடுங்கள்.

ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: மாக்கில் இருக்கும் கூடை, ஸ்டேஜிங்கில் இல்லாத புடவை எண்ணைச் சுட்டினால் திரை உடையும். கூடையின் மாக் டேட்டாவுக்கு ஸ்டேஜிங்கில் உள்ள எண்களையே கொடுங்கள். எடுத்த ஹேண்ட்லரை அழித்துவிட வேண்டாம். டெஸ்டுகளுக்கும் ஸ்டோரிபுக்குக்கும் (கம்போனெண்டுகளைத் தனித்தனியாகக் காட்டும் கருவி) அந்த 409 காட்சி கடைசி வரை வேண்டியிருக்கும்.